கிதார் செய்யும் தச்சர்

வீட்டுக்கு வீடு ஹார்மோனியப் பெட்டி இருந்த காலம் ஒன்று உண்டு. அந்தப் பெட்டி பரணுக்குப் போய்விட்டது. கூடத்து மூலையை இப்போது கிதார் பிடித்துக்கொண்டிருக்கிறது. இதுபற்றி நமக்கு வருத்தம் ஏதுமில்லை. வயலினும் அயல்நாட்டிலிருந்து வந்ததுதானே? இன்று அஃதில்லாமல் நம் கச்சேரி நடப்பதுண்டோ?

ஆனால் மூன்று நான்கு வருஷம் சிரத்தையாகப் பயின்ற பிள்ளை, "இந்த வாத்தியம் போதவில்லை, நல்லதாக ஒன்று வேண்டும்" என்று சொல்லும்போது பெற்றோர் திகைக்கிறார்கள். கடையில் விலை கூடியதாகப் பார்த்து வாங்குவதா? அல்லது கையால் செய்து தரும் தச்சர் ஒருவரைத் தேடிப் பிடிப்பதா? இதைப் பற்றி இவ்வாரம் சில வார்த்தை சொல்ல விரும்புகிறோம்.

ஸ்பெயின் தேசத்தில் அல்மேரியா நகரத்தை அடுத்து 1817-ஆம் ஆண்டு பிறந்தவர் அந்தோனியோ தெ தோரெஸ். தச்சு வேலை கற்றவர். இன்று நைலான் தந்தி பூட்டி வாசிக்கும் கிதாரின் உருவமும் அளவும் பெரும்பாலும் அவர் வகுத்தவையே. மேற்பலகைதான் கிதாரின் குரல் என்பது அவருடைய சித்தாந்தம். அதை மெய்ப்பிக்க 1862-ல் ஒரு விநோதம் செய்தார். மேற்பலகையை மட்டும் நல்ல மரத்தில் இழைத்துவிட்டு, முதுகையும் விலாவையும் காகிதக் கூழ் அட்டையால் அமைத்தார். அந்தக் கிதார் பாடிற்று! பார்ஸிலோனா நகரத்துச் சங்கீதப் பொருட்காட்சிசாலையில் அதைப் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள்.

மேற்பலகைக்கு ஸ்புரூஸ் என்னும் குளிர்நாட்டு மரமே பெரும்பாலும் ஏற்றது. ஒரே துண்டை இரண்டாகப் பிளந்து, புத்தகத்தை விரிப்பதுபோல் விரித்து, நடுவில் ஒட்டுகிறார்கள். பிறகு 2 முதல் 3 மில்லிமீட்டர் கனத்துக்கு இழைக்கவேண்டும். இங்கேதான் வித்தை இருக்கிறது. இரண்டு பலகைகள் ஒன்றுபோல் இருப்பதில்லை. ஒன்று விறைத்து நிற்கும், மற்றொன்று வளைந்து கொடுக்கும். யந்திரம் இரண்டையும் ஒரே கனத்துக்குச் சீவித் தள்ளிவிடும். தச்சரோ விரலால் தட்டிக் கேட்டு, வளைத்துப் பார்த்து, "இந்தப் பலகைக்கு இவ்வளவு போதும்" என்று இழைப்புளியைக் கீழே வைக்கிறார். மிருதங்கத்துக்குத் தோல் கட்டுகிறவர் தட்டித் தட்டிக் காது கொடுப்பதைக் கண்ட நமக்கு இது விளங்காத விஷயமன்று.

1869-ல் பிரான்சிஸ்கோ தாரெகா என்ற பிள்ளை, ஸெவில் நகரில் இருந்த தோரெஸிடம் கிதார் வாங்கப் போனார். தோரெஸ் முதலில் சாதாரணமான ஒன்றை எடுத்துக் கொடுத்தார். அதைப் பிள்ளை வாசித்த அழகைக் கேட்டதும் உள்ளே சென்று, தமக்கென்று செய்து வைத்திருந்த கிதாரையே கொண்டுவந்து தந்தார் என்று சொல்வார்கள். தாரெகா பிற்காலத்தில் பெரும் வித்வானாக விளங்கினார். தோரெஸோ அதற்கடுத்த ஆண்டை ஒட்டிக் கிதார் வேலையை விட்டுவிட்டு, அல்மேரியாவில் பீங்கான் பாத்திரக் கடை வைத்தார். சில வருஷம் கழித்துத்தான் மறுபடியும் உளியைத் தொட்டார். 1892-ல் மறைந்தார்.

இக்கதையில் நம் நாட்டுக்கும் ஒரு பாத்தியதை உண்டு. கிதாரின் முதுகுக்கும் விலாவுக்கும் முன்பெல்லாம் பிரேஸில் தேசத்து மரத்தையே உயர்வாகக் கருதினார்கள். அது கிடைப்பது அரிதாகவே, அமெரிக்காவின் மார்ட்டின் கம்பெனி 1969-ல் நமது மேற்கு மலைத்தொடரில் விளையும் ஈட்டி மரத்துக்கு மாறிற்று. இன்று உலகத்துச் சிறந்த கிதார்கள் பலவற்றின் முதுகு நம் ஈட்டிதான். மலையிலிருந்து மரமாகப் போனது, கிதாராகத் திரும்பி வந்து பல மடங்கு விலை கேட்கிறது. பருத்தியை அனுப்பித் துணியை வாங்கிய பழைய கணக்கை நாம் மறந்துவிடலாமா? மரம் நம்மிடம் இருக்கிறது. அட்டையையும் பாட வைத்த கையைத்தான் நாம் வளர்க்கவேண்டும்.

அத்தகைய கைகள் நம் நாட்டில் அறவே இல்லாமலில்லை. தனியொருவராக இருந்து கிதார் செய்கிறவர்கள் சிலர் இருக்கிறார்கள். விளம்பரம் செய்ய அவர்களுக்குப் பொழுதுமில்லை, பணமுமில்லை. வாசிக்கிறவர்களிடமும் வாத்தியம் பழுது பார்க்கிறவர்களிடமும் விசாரித்தால் அடையாளம் சொல்வார்கள்.

போனவுடன் விலை கேட்கவேண்டாம். அவர் பல ஆண்டுகளுக்கு முன் செய்த கிதார் ஒன்றைக் கேட்க வழி உண்டா என்று கேளுங்கள். புது வாத்தியம் எல்லாமே பளபளக்கும். மரம் எத்தனை வருஷம் உலர்ந்தது என்று கேளுங்கள். நம் கடற்கரை ஊர்களின் ஈரக் காற்றில் பலகை உப்பும்; வறண்ட காற்றில் சுருங்கி வெடிக்கும். அப்போது செய்தவரே சமீபத்தில் இருந்தால் சரிப்படுத்தித் தருவார். எல்லாவற்றிலும் முக்கியம், அவர் உங்களை என்ன கேட்கிறார் என்பது. "பிள்ளை எந்த வகைச் சங்கீதம் வாசிக்கிறான்? விரலாலா, வில்லையாலா? கையை நீட்டச் சொல்லுங்கள், பார்க்கலாம்" என்பவர் தொழில் தெரிந்தவர். ஒன்றும் கேளாமல் முன்பணம் மட்டும் கேட்பவரை வணங்கிவிட்டு வந்துவிடலாம்.

புதிதாகப் பயிலும் குழந்தைக்கு யந்திரசாலைக் கிதாரே போதும். வீண் செலவு வேண்டியதில்லை. வித்தை முற்றிய பிள்ளைக்கு மட்டுமே இந்த யோசனை. தச்சரிடம் பேரம் பேசாதீர்கள், எழுதி வாங்கிக்கொண்டு முன்பணம் கொடுங்கள், மாதக்கணக்கில் காத்திருங்கள். நம் ஊர்த் தச்சரும் பீங்கான் கடை வைக்கப் போய்விட்டால், பிற்பாடு ஈட்டி மரம் எவ்வளவு இருந்தும் பிரயோஜனம் என்ன?