வலிக்கு முன்னால் மாத்திரை

மாதவிடாய் வலியும் பிரசவ வலியும் கருப்பை என்ற ஒரே தசையின் வேலைதான். மாதவிடாயின்போது உதிரும் உள்சவ்வு, புரோஸ்டாகிளாண்டின் என்ற வேதிப்பொருளைச் சுரக்கிறது. அது கருப்பையை இறுக்குகிறது. இறுகிய தசைக்கு இரத்தம் குறைகிறது. அடிவயிற்றில் கிளம்பும் வலி இடுப்புக்கும் தொடைக்கும் இறங்குகிறது.

1929இல் தொடங்கிய ‘போ’ தேயிலைத் தோட்டம் முதலாக மலேசியாவின் கேமரன் மலையில் கொழுந்து பறித்த தமிழ்ப் பெண்கள் இந்த வலியோடுதான் சரிவில் நின்றார்கள். எடைக்குக் கூலி என்பதால் வலித்த நாளில் சம்பளமும் குறைந்தது. மலேசியாவில் பேறுகால விடுப்பு 2023 முதல் 98 நாள். மாதவிடாய்க்கென்று சட்டத்தில் தனி விடுப்பு கிடையாது, கிளினிக்கில் எம்.சி. (மருத்துவ விடுப்புச் சான்று) வாங்கினால்தான் உண்டு.

மெஃபெனாமிக் அமிலம், இபுபுரோஃபென் ஆகிய மாத்திரைகள் புரோஸ்டாகிளாண்டின் உருவாவதையே தடுப்பவை. ஆகவே வலி தலைகாட்டியதும் சாப்பிட்டுவிட்டுப் போட வேண்டும். பல்லைக் கடித்துப் பொறுத்துவிட்டுக் கடைசியில் போடுவதுதான் வழக்கம். பலன் குறைவதும் அதனால்தான். குடல்புண், சிறுநீரகக் கோளாறு, ஆஸ்துமா உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டே போட வேண்டும். மலைக்குளிரில் அடிவயிற்றில் வைக்கும் வெந்நீர்ப் பையும் நல்ல மருந்து. ஆண்டுக்கு ஆண்டு கூடும் வலி, தீட்டு இல்லாத நாளிலும் வரும் வலி, மிகுந்த உதிரப்போக்கு ஆகியவை கருப்பைக் கட்டியின் அறிகுறியாகவோ, கருப்பை உள்சவ்வு போன்ற திசு வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸின் அறிகுறியாகவோ இருக்கலாம். ‘கல்யாணம் ஆனால் சரியாகிவிடும்’ என்ற ஆறுதலால் எத்தனையோ பேருக்குச் சிகிச்சை தள்ளிப்போகிறது.

பிரசவத்தில் அதே புரோஸ்டாகிளாண்டின் வேண்டியதாகிவிடுகிறது. கருப்பை வாயை இளக்குவது அதுதான். வலி எடுக்காதவர்களுக்கு மருத்துவமனையில் அதையே மருந்தாக வைக்கிறார்கள். அதனால் மாதவிடாய் மாத்திரையைக் கர்ப்பிணி தானாகப் போடக்கூடாது. 20 வாரத்துக்குப் பின் அது குழந்தையின் சிறுநீரகத்தைப் பாதித்துப் பனிக்குட நீரைக் குறைக்கலாம். இன்னும் பிந்திய வாரங்களில் குழந்தையின் இதயத்தருகே உள்ள இரத்தக்குழாயைச் சுருக்கலாம்.

பிரசவத்துக்கு முன் வரும் பொய்வலி, நடந்தாலோ படுத்தாலோ அடங்கும். மெய்வலி ஒழுங்காக வந்து, இடைவெளி குறுகி, வலுக்கும். கேமரன் மலையின் தானா ராத்தா மருத்துவமனைக்கே வளைவுப் பாதையில் போக வேண்டிய தோட்டத்துப் பெண் வலி வலுக்கும்வரை காத்திருக்கக்கூடாது. பனிக்குடம் உடைந்தாலோ உதிரம் கண்டாலோ உடனே கிளம்ப வேண்டும்.

நடப்பது, துணைக்கு ஒருவர் இடுப்பை அழுத்தித் தேய்ப்பது இரண்டும் வலியைத் தாங்க வைக்கும். என்டோனாக்ஸ் வாயு வேலை செய்ய அரை நிமிடமாகும். வலி ஏறத் தொடங்கும்போதே இழுக்க வேண்டும். வலி தணிக்கும் பெத்திடின் ஊசி தாய்க்குத் தூக்கக் கலக்கம் தரும். பிறப்புக்கு நெருக்கத்தில் போட்டால் குழந்தையின் மூச்சு மந்தமாகலாம். வலியை ஏறக்குறைய முழுதாக அடக்குவது முதுகில் செலுத்தும் எபிடூரல்; மயக்கமருந்து நிபுணர் உள்ள மருத்துவமனையில்தான் அது கிடைக்கும் என்பதால், வேண்டுமென்பவர் மாதம் நெருங்கும் முன்பே மிஸ்ஸியிடம் (தாதியிடம்) கேட்டு இடத்தை முடிவுசெய்துகொள்ள வேண்டும்.