நுரையைக் காட்டியது போதும், கிலோ கணக்கைக் கொடு!



பெங்களூரு பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளின் கழிவையும் சுமந்துகொண்டுதான் தென்பெண்ணை ஓசூர் கெலவரப்பள்ளி அணைக்குள் நுழைகிறது. ஷட்டரைத் தூக்கினால் நுரை பொங்குகிறது. கீழே கிருஷ்ணகிரி அணையில் தண்ணி பச்சையாகிறது. நுரை சோப்புக் கழிவு. பச்சை, சாக்கடையோடு வந்த தழைச்சத்தையும் மணிச்சத்தையும் தின்று கொழுக்கும் பாசி.

கேட்டால், "லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம்தான்" என்று ஒரு தாளை நீட்டுறாங்க. அது பாதிக் கணக்கு! எவ்வளவு தண்ணி போச்சு என்பதையும் சேர்த்துப் பெருக்கினால்தான் முழுக் கணக்கு.

நாமே போட்டுப் பார்ப்போம். விநாடிக்கு 1 கனஅடி தண்ணி ஒரு நாள் ஓடினால், லிட்டருக்கு 1 மில்லிகிராம் என்பது சுமார் 2.45 கிலோ. ஒரு பேச்சுக்கு, 100 கனஅடி ஓடும்போது தழைச்சத்து 10 மில்லிகிராம் என்றால் நாளைக்கு 2,450 கிலோ. 1,000 கனஅடி திறந்துவிட்டு 4 மில்லிகிராம் என்றால் 9,800 கிலோ! தாளில் தண்ணி சுத்தமாயிடுச்சு. ஆற்றிலோ சுமை நாலு மடங்கு. 45 கிலோ யூரியா மூட்டையில் சொன்னால், 470 மூட்டைக்கு மேல் ஒரே நாளில்!

அணை கட்டிய ஆற்றில் தண்ணி ஷட்டர் சொன்னபடி ஓடும். அடியில் தங்கிய சேறும் திறக்கும்போது கிளம்பும். ஷட்டர் மூடிய நாளில் ஒரு பாட்டில் பிடித்துப் போனால் உண்மை தெரியாது.

நம் வயலில் போடும் உரமும், ஓசூர் சாக்கடையும் ஆற்றில் கலக்கத்தான் செய்யுது. அதை மறைக்க மாட்டோம். எல்லையில் எவ்வளவு, ஓசூரைத் தாண்டி எவ்வளவு என்று அளந்தால் யார் பங்கு எவ்வளவு என்பது தானே வெளுக்கும்.

நமது கோரிக்கைகள்:

1. மாநில எல்லை, கெலவரப்பள்ளி அணையின் கீழ், கிருஷ்ணகிரி அணையின் மேல், கீழ் என நான்கு இடத்தில் மாதிரி எடு!

2. ஷட்டர் திறக்கும் நாளில் பல முறை எடு!

3. நீர்மட்டம், நீர்வரத்து அறிவிப்பது போல் தழைச்சத்து, மணிச்சத்தைக் கிலோவில் அறிவி!

பர்கூர் ஏரிகளுக்குத் தென்பெண்ணை உபரிநீர் கேட்கும் நாம், அந்தத் தண்ணியில் என்ன வருது என்றும் கேட்போம்! கணக்கு வரும்வரை ஓயமாட்டோம்!