சுழலும் வட்டத்துக்குப் பின்னால் தொலையும் விண்ணப்பங்கள்

கடந்த மாதம் கிளிநொச்சியில் அயல்வீட்டு அம்மா ஒருவருக்கு இணையவழி விண்ணப்பம் ஒன்றை நிரப்பிக் கொடுத்தேன். ‘சமர்ப்பி’ என்பதை அழுத்தியதும் சிறிய வட்டமொன்று சுழன்றது, பிறகு நின்றது. விண்ணப்ப இலக்கம் வரவில்லை. பிழை என்றும் வரவில்லை. “போயிட்டுதோ பிள்ளை?” என்று கேட்டார். என்னிடம் பதில் இருக்கவில்லை. மறுநாள் அலுவலகத்தில் விசாரித்தபோது, அப்படியொரு பதிவே இல்லை என்றார்கள்.

முன்பெல்லாம் படிவத்தை அனுப்பினால் முழுப் பக்கமும் மாறும். சேர்வரில் கோளாறு என்றால் பிழைப் பக்கம் கண்முன்னே வரும். 2005இல் ‘அஜாக்ஸ்’ என்று பெயர் பெற்ற முறையில், பக்கம் அப்படியே நிற்க, கோரிக்கை மட்டும் பின்னணியில் போய் வருகிறது. கோளாறு நேர்ந்தால் சேர்வர் 500, 503 போன்ற குறியீட்டை அனுப்பும். ஆனால் அது போய்ச் சேர்வது பக்கத்தை இயக்கும் நிரலுக்கே, எங்களுக்கு அல்ல.

இன்று பரவலாகப் பயன்படும் ‘ஃபெட்ச்’ என்ற கட்டளை, 500 வந்தாலும் ‘பதில் வந்துவிட்டது’ என்றே எடுத்துக்கொள்ளும். வலையமைப்பு அறுந்தால்தான் அதற்குத் தோல்வி. குறியீட்டைச் சரிபார்க்கும் வரியை நிரலாளர் எழுதாவிட்டால் திரை மௌனமாக இருக்கும், அல்லது ‘வெற்றி’ என்று பொய் சொல்லும். 504 வந்தால் இன்னொரு சிக்கல்: இடையிலுள்ள சேர்வர் காத்திருந்து கைவிட்டிருக்கும், விண்ணப்பமோ உள்ளே பதிவாகியிருக்கலாம். மீண்டும் அழுத்தினால் இரட்டைப் பதிவு. விண்ணப்பத்துக்கு முன்கூட்டியே தனி அடையாள எண் கொடுத்து, அதே எண் மறுபடி வந்தால் ஒன்றாகவே கணக்கெடுக்கும்படி சேர்வரை அமைத்தால் இதைத் தவிர்க்கலாம்.

இதைத் தொழில்நுட்பக் குறை என்று மட்டும் என்னால் பார்க்க முடியவில்லை. காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் 2010இல் அமைக்கப்பட்ட நல்லிணக்க ஆணைக்குழு, 2013இன் பரணகம ஆணைக்குழு, 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வந்த காணாமல்போனோர் பற்றிய அலுவலகம் என ஒரே விபரத்தைத் திரும்பத் திரும்பக் கொடுத்தவர்கள். கடதாசி விண்ணப்பத்தில் பதிவுத்தபால் துண்டாவது கையில் மிஞ்சியது. மௌனமான திரை அந்தச் சாட்சியையும் பறித்து, ‘நீங்கள் அனுப்பவில்லை’ என்று பழியை விண்ணப்பித்தவர்மீதே போடுகிறது.

அரச சேவைகளை டிஜிட்டல் மயமாக்குவோர் செய்யவேண்டியது பெரிய செலவல்ல. ‘பதிவாகவில்லை, நீங்கள் நிரப்பியவை அழியவில்லை’ என்று தமிழில் ஒரு வரி. முறையிடுவதற்கு ஓர் இலக்கம். அதே இலக்கத்துடனும் நேரத்துடனும் சேர்வரில் ஒரு பிழைப்பதிவு.

அதுவரை, விண்ணப்ப இலக்கம் வராமல் திரையை மூடாதீர்கள். வராவிட்டால், திகதியும் நேரமும் தெரியத் திரையைப் படமெடுத்து வையுங்கள். அந்த அம்மாவிடம் அப்படியொரு படம்கூட இருக்கவில்லை.