வாட்டம்

கீழ்பென்னாத்தூரில் உள்ள எங்கள் பழைய வீட்டுக் குளியலறைக்கு நாங்களே டைல்ஸ் பதித்தோம். உறவினர்கள் கேட்ட முதல் கேள்வி, "கொத்தனாருக்குக் கொடுக்கப் பணமில்லையா?" என்பதுதான். தன் வீட்டு வேலையைத் தானே செய்பவன் ஏழை, அல்லது கஞ்சன். குளியலறை வேலை என்றால் வாய்விட்டுச் சொல்லப்படாத ஒரு சாதிக் கணக்கும் சேர்ந்துகொள்கிறது. கலவையில் கைவைப்பதை இழிவென்று கருதும் அந்த மனநிலையை எதிர்க்கும் வேகத்தில்தான் நாங்கள் வேறொரு பிழையைச் செய்தோம்.

ஆறடிக்கு ஐந்தடி அறை. கருங்கல் பலகையிட்ட பழைய தரையின் இடுக்குகளில் பாசி பிடித்து, அம்மா ஒருமுறை வழுக்கி விழப் பார்த்ததால் மாற்ற முடிவு செய்தோம். சுவர் எளிதாகவே வந்தது. சுவருக்கான பீங்கான் டைல்ஸ் நீரை உறிஞ்சுபவை. ஊறவைக்காமல் பதித்தால் சிமெண்ட் கலவையின் ஈரத்தைக் குடித்துவிடும், பிடிப்பு இராது. தூக்குக்குண்டு விட்டு, நூல் கட்டி, கீழிருந்து வரிசை வரிசையாக ஏற்றினோம். விரல் முட்டியால் தட்டினால் கலவை சேராத இடம் வெற்றுப்பானை போல் ஒலிக்கும். அப்படி ஒலித்த நான்கைக் கழற்றி மீண்டும் பதித்தோம். மூன்றாம் நாள் மாலை அச்சுவரைப் பார்த்தபோது அடைந்த பெருமிதம், அச்சில் எங்கள் பெயரைப் பார்த்தபோதுகூட வந்ததில்லை.

தரையில்தான் தோற்றோம். கொத்தனார்கள் வாட்டம் என்று சொல்வது இந்தச் சரிவைத்தான். எண்பது அங்குலத்துக்கு ஓர் அங்குலம் என்று வைத்தால் ஐந்தடிக்கு முக்கால் அங்குலம். காகிதத்தில் இவ்வளவுதான். ஆனால் தண்ணீர் போகும் துவாரமோ ஒரு சுவரின் நடுவில் இருந்தது. எதிர்ச் சுவரிலிருந்தும் இரு பக்கங்களிலிருந்தும் நீர் அங்கே வந்து சேரவேண்டும். பல திசையில் சரியும் தளத்தில் தட்டையான சதுரங்களைப் பதிக்கும்போது ஒன்றின் விளிம்பை அழுத்தினால் இன்னொன்று தூக்குகிறது. ரசமட்டம் மட்டத்தைக் காட்டும். மட்டத்திலிருந்து எங்கே, எவ்வளவு விலகுவது என்பதைக் கைதான் அறிய வேண்டும். சிவன் கோயில்களில் அபிஷேக நீர் வடபுறக் கோமுகை வழியே வெளியேறுவதை ஆயிரம் முறை பார்த்திருக்கிறோம். கல்லில் அந்த வாட்டத்தை வைத்தவர்களைப் பற்றி ஒருமுறையும் யோசித்ததில்லை. சதுர அடிக்கு இவ்வளவு என்று பேரம் பேசும்போதும் நம் கண்ணில் படுவது டைல் மட்டுமே.

நாமே செய்தால் தொழிலாளியின் பிழைப்பு கெடும் என்று சிலர் சொல்கிறார்கள். அவர்கள் கூலி பேசும்போது காட்டும் கறாரை அறிந்தவர்கள் என்பதால் அந்த வாதத்தை விட்டுவிடுகிறோம்.

1910இல் ஜோகன்னஸ்பர்க் அருகே காந்தியும் காலன்பாக்கும் தொடங்கிய டால்ஸ்டாய் பண்ணையில் தமிழர்கள் பலர் வாழ்ந்தார்கள். கைத்தொழிலைப் போற்றிய அந்த இடத்திலும் கட்டட வேலைக்கு ஓர் ஐரோப்பியக் கொத்தனார் அமர்த்தப்பட்டார். பண்ணைவாசிகள் செய்தது தேர்ச்சி தேவைப்படாத உடலுழைப்பு. காந்தியே இதைத் தென்னாப்பிரிக்கச் சத்தியாகிரக வரலாற்றில் எழுதியிருக்கிறார். நாங்கள் அதைப் படித்தவர்கள்தாம். கொத்தனாரை விலக்கிவிட்டு அவரது கரணையை மட்டும் எடுத்துக்கொண்டோம். செய்திருக்க வேண்டியது அவருக்குச் சித்தாளாக நிற்பது.

எங்கள் தரையில், துவாரத்துக்கு எட்டாத ஒரு மூலையில் உள்ளங்கையளவு நீர் நிற்கிறது. அம்மா இதைச் சொல்லவில்லை. பொங்கலுக்கு ஊருக்குப் போனபோதுதான் பார்த்தோம். குளித்தபின் ஒரு கையால் முழங்காலைப் பிடித்துக் குனிந்து, தென்னந்துடைப்பத்தால் அந்த நீரைத் தள்ளிவிட்டு வெளியே வருகிறார். உடைத்துவிட்டுக் கொத்தனாரைக் கூப்பிடுவோம் என்றோம்.

"புள்ளைங்க போட்டது, இருக்கட்டும்" என்கிறார்.

அடுத்த மாதம் உடைக்கிறோம். கொத்தனாரிடம் பேசியாயிற்று. கலவை குழைத்துக் கொடுப்பது எங்கள் வேலை.