முழுப் பதிவைக் கொடுங்கள்

குரல் என்னுடையதுதான். அதை நான் யாரிடமும் மறுக்கவில்லை. அந்த வாக்கியத்தை மட்டும் நான் சொல்லவே இல்லை.

ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையின் பெண்கள் விடுதியில் வார்டனாக இருந்தேன். கமுதிப் பக்கத்துத் தகப்பனார் ஒருவர் விடுதி லேண்ட்லைனுக்குப் பேசினார். தாய்மாமன் என்று சொல்லிக்கொண்டு யாரோ ஒருவன் தன் மகளைக் கூட்டிப்போக வருவான், அனுப்பிவிடாதீங்கம்மா என்று கெஞ்சினார். “கவலப்படாதீங்கண்ணே. யார் வந்து கேட்டாலும் சரி, உங்க கையெழுத்து இல்லாம புள்ளைய அனுப்ப மாட்டேன்” என்றேன்.

டிவியில் வந்தது இது: “யார் வந்து கேட்டாலும் சரி, புள்ளைய அனுப்ப மாட்டேன்.”

கையெழுத்தைக் காணோம். தகப்பனாரின் கெஞ்சலைக் காணோம். கீழே சிவப்புப் பட்டையில் ‘மில்லுக்குள் சிறை’ என்று எழுத்து ஓடியது. ஒரு பெண் பிள்ளையைக் காப்பாற்றச் சொன்ன வார்த்தையை வைத்தே என்னைச் சிறைக்காவலாளி ஆக்கிவிட்டார்கள். ராத்திரி முழுக்க அரை மணிக்கு ஒருதரம் போட்டார்கள். விடிந்தபோது எனக்கு வேலை இல்லை. தெருவில் என் அம்மாவை நிறுத்தி, “உங்க மகளா அது?” என்று கேட்டார்கள்.

ஏன் எல்லோரும் உடனே நம்பினார்கள் என்று எனக்குத் தெரியும். ‘சுமங்கலித் திட்டம்’ என்ற பெயரில் தமிழ்நாட்டு மில் விடுதிகளில் பெண்களை வெளியே விடாமல் வைத்திருந்த கொடுமை உண்மையிலேயே நடந்தது. அதை வெளியே கொண்டுவந்தவர்களைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன். அந்தப் பெண்களின் கண்ணீரை மூலதனமாக்கி ஒரு பொய்யை விற்றதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

வெட்டியது எனக்கு அன்றைக்கே தெரிந்தது. நான் பேசும்போது ஷிப்ட் மாறும் சங்கு ஊதிக்கொண்டிருந்தது. எங்கள் மில் சங்கு ஒரே இழுவையாக ஏறி, கொஞ்சம் நின்று, இறங்கும். தினம் கேட்ட காது இது. டிவியில் ‘சரி’ முடிந்து ‘புள்ளைய’ தொடங்கும் இடத்தில் ஏறிக்கொண்டிருந்த சங்கு சட்டென்று மேலே தாவுகிறது. சங்கு அப்படி ஊதாது. இதற்குக் காதுகூட வேண்டாம். ‘ஆடாசிட்டி’ என்ற இலவச மென்பொருளில் ஒலியைப் படமாக விரித்துப் பார்த்தால் சங்கு வளைந்து ஏறும் கோடாகத் தெரியும். வெட்டிய இடத்தில் கோடு முறிந்து நிற்கும். ஐந்து நிமிஷ வேலை. அந்த ஐந்து நிமிஷத்துக்கு என் மானம் பெறவில்லை.

தடயவியலில் இன்னும் நுட்பமான வழிகள் உண்டு. கரண்டின் 50 ஹெர்ட்ஸ் ரீங்காரம் பல பதிவுகளில் அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும். அது விநாடிக்கு விநாடி நூலிழை அளவு ஏறி இறங்கும். 2013 டிசம்பர் 31-இல் தென்மாநில மின்தொகுப்பு தேசியத் தொகுப்போடு இணைந்தபின், அந்த ஏற்ற இறக்கம் ராஜபாளையத்திலும் டெல்லியிலும் ஒன்றுதான். இடையில் வெட்டினால் அந்த வரிசை குலையும். ஆனால் போன் லைன் 300 ஹெர்ட்ஸுக்குக் கீழ் பெரும்பகுதியை அறுத்துவிடுகிறது. வாட்ஸ்அப்பில் கைமாறிக் கைமாறி வந்த பிரதியில் மிச்சமும் தேய்ந்துபோகும். அதனால்தான் மூலப் பதிவு வேண்டும் என்று அலறுகிறேன்.

அமெரிக்காவில் 2012-இல் டிரேவான் மார்ட்டின் என்ற சிறுவன் சுட்டுக் கொல்லப்பட்ட வழக்கில், சுட்டவர் போலீசுடன் பேசிய போன் பதிவை என்பிசி டிவி வெட்டி ஒளிபரப்பியது. போலீஸ் தரப்பில் கேட்ட கேள்வியை எடுத்துவிட்டதால், ஆளின் நிறத்தை அவர் தானாகவே சொன்னதுபோல ஆயிற்று. வெட்டு வெளியே தெரிந்தது. என்பிசி மன்னிப்புக் கேட்டது. காரணம், வெட்டாத பதிவு பொதுவில் இருந்தது. என் வெட்டாத பதிவு எங்கே? தகப்பனார், அந்தப் பேச்சு பதிவாகியிருந்த பழைய போனைக் கொடுத்துவிட்டுப் புதுசு வாங்கிவிட்டார். நடந்ததை அவரே கைப்பட எழுதிக் கொடுத்தார். அந்தக் கடிதத்தைச் சேனல் ஒரு விநாடிகூடக் காட்டவில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டுக்குப் போனேன். அருப்புக்கோட்டைக் கல்லூரிப் பேராசிரியை நிர்மலாதேவி வழக்கு நடந்த ஊர் அது. 2018 ஏப்ரலில் அவர் மாணவிகளிடம் போனில் பேசிய ஆடியோ ஊரெல்லாம் ஒலித்தது; குரல் மாதிரியைச் சென்னைத் தடய அறிவியல் ஆய்வகத்தில் எடுத்தார்கள்; தண்டனை அறிவிக்க 2024 ஏப்ரல் 30 ஆனது. அவருக்குப் பத்தாண்டு, கூட நின்ற இருவர் விடுதலை. ஒரு குரலை நம்ப நீதிமன்றம் அத்தனை பார்க்கிறது. பதிவைத் திருத்த வாய்ப்பே இல்லை என்று நிறுவ வேண்டும், முத்திரையிட்டுப் பாதுகாத்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1985-லேயே ராம் சிங் வழக்கில் சொல்லிவிட்டது. என்னைத் தீர்த்துக்கட்ட ஒரு சேனலுக்கு ஒரு சாயங்காலம் போதும்.

வக்கீல் ஐயா பொறுமையாகத்தான் சொன்னார்: “அவங்க வெட்டுனதை நீங்கதாம்மா நிரூபிக்கணும். புதுச் சாட்சியச் சட்டத்துல 63-ஆம் பிரிவுச் சான்றிதழ் வேணும், கோப்போட ஹாஷ் எண் வேணும்.” வெட்டியவர் எதையும் காட்ட வேண்டியதில்லை, வெட்டுப்பட்டவள் எல்லாவற்றையும் கொண்டுவர வேண்டும். இது என்ன நியாயம்?

1994-ஆம் ஆண்டுக் கேபிள் டிவி விதிகளில் 6-ஆம் விதி அவதூறையும் அரை உண்மையையும் ஒளிபரப்பக் கூடாது என்கிறது. ஒளிபரப்பியதை 90 நாள் வைத்திருக்க வேண்டும் என்று சேனலுக்கு நிபந்தனையும் இருக்கிறது. தங்கள் கைக்கு வந்தது என்ன, யார் கொடுத்தது என்பதை வைத்திருக்கிறார்களா? புகார் கொடுத்தேன். “சமூக வலைதளங்களில் பரவியதையே வெளியிட்டோம்” என்று ஒற்றை வரியில் பதில் வந்தது.

பரவியது என்றால் உண்மையா? அந்தச் சங்கை உங்கள் அலுவலகத்தில் ஒருவர்கூடவா கேட்கவில்லை? எனக்கு நஷ்டஈடு வேண்டாம். உங்களிடம் வந்த கோப்பை வந்தபடியே ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். என்ன முடிவு வந்தாலும், என்னைக் காட்டிய அதே ராத்திரி நேரத்தில், அதே சிவப்புப் பட்டையில், அரை மணிக்கு ஒருதரம் போடுங்கள்.