விறகுக்கு வந்த மரம்

நீலகிரிக்கு யூகலிப்டஸைக் கொண்டுவந்தவர்களுக்குத் தைலம் நினைப்பிலேயே இல்லை. அவர்களுக்கு வேண்டியிருந்தது விறகு. 1820களில் ஆங்கிலேய அதிகாரி ஜான் சல்லிவன் ஊட்டியில் குடியேறியதற்குப் பின், குளிர்காயவும் சமைக்கவும் சோலைக்காடுகள் வெட்டுப்பட்டன. சோலை மரம் மெதுவாக வளர்வது. அடுப்புகளுக்கு அது ஈடுகொடுக்கவில்லை. 1843இல் கேப்டன் காட்டன் ஆஸ்திரேலியாவின் புளூகம் என்ற யூகலிப்டஸ் மரத்தை மலைக்கு அறிமுகப்படுத்தினார். பிறகு அரசே தோட்டம் போடத் தொடங்கியது.

யூகலிப்டஸ் இலையில் காசு இருப்பதைக் காட்டியவர் ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவைச் சேர்ந்த மருந்தாளர் ஜோசப் பொசிஸ்டோ. 1852இல் டாண்டினாங் ஓடைக்கரையில் அவர் தைலம் வடிக்கத் தொடங்கினார். நீலகிரியிலும் பின்னாளில் அதே முறைதான்: கொப்பரையில் இலையைத் திணித்து, நீர் விட்டு, மூடியின் இடுக்குகளை அடைத்து, அடியில் தீ மூட்டுவார்கள். ஆவி குழாய் வழியே போய்க் குளிர்நீரில் இறங்கித் துளியாகும். தைலம் மேலே மிதக்கும்.

இதில் வியப்பு ஒன்று உண்டு. இந்தத் தைலத்தின் முதன்மைப் பொருளான சினியோல் தனியாகக் கொதிக்க ஏறத்தாழ 176 டிகிரி வேண்டும். ஆனால் நீரோடு சேர்ந்தால் 100 டிகிரிக்குச் சற்றுக் கீழேயே ஆவியாகிவிடுகிறது. இரண்டும் ஒன்றோடொன்று கலக்காததால் அவற்றின் ஆவியழுத்தங்கள் கூடிக்கொள்கின்றன. காற்றின் அழுத்தத்தைத் தனித்தனியே வெல்ல வேண்டியதில்லை. மலைக் கொட்டகையில் தைலம் காய்ச்சுபவருக்கு இந்தக் கணக்கு தேவைப்பட்டதில்லை. நூறு கிலோ இலைக்கு ஒரு கிலோவை ஒட்டித்தான் தைலம் கிடைக்கும் என்பது அவருக்குத் தெரியும். காய்ச்சி முடித்த சக்கையை உலர்த்தி அதையே அடுப்பில் போடுகிறார். மரம் எதற்கு வந்ததோ அந்த வேலையை இலையும் செய்துவிடுகிறது!

இந்த மரத்தால் வந்த கேடு கொப்பரையில் இல்லை, நட்ட இடத்தில் இருக்கிறது. தோடர்களின் எருமைகள் மேய்ந்த புல்வெளிகளை வெள்ளை அதிகாரிகள் வெற்றுநிலமாகக் கண்டார்கள். சுதந்திரத்துக்குப் பிறகும் அந்தப் பார்வை மாறவில்லை. ரேயான் கூழுக்காகத் தோட்டங்கள் இன்னும் பரவின. நீலகிரியின் கிளென்மார்கனில் இரு நீர்ப்பிடிப்புப் பகுதிகளைப் பல ஆண்டுகள் ஒப்பிட்டு அளந்தபோது, புளூகம் நட்ட பகுதியில் நீர்வரத்து முதல் பத்தாண்டில் சுமார் 16 விழுக்காடு குறைந்தது. வெட்டியபின் மறுதழைவு வளர்ந்த பத்தாண்டில் குறைவு சுமார் 25 விழுக்காடு. வெட்டிய மரம் முன்னைவிட அதிகமாகக் குடித்திருக்கிறது.

2022இல் தமிழக அரசு அயல் ஊடுருவல் தாவரங்களுக்கென்று கொள்கை வெளியிட்டது. சதுப்பிலும் புல்வெளியிலும் நிற்கும் அயல்மரங்கள் போகத்தான் வேண்டும். ஆனால் கோடரியோடு வேலை முடிந்தது என்று நினைத்தால் கிளென்மார்கன் கணக்கு திரும்பிவரும். அடிக்கட்டை துளிர்க்கும், அந்தத் துளிரை ஆண்டுக்கணக்கில் நறுக்கிக்கொண்டே இருக்க ஆள் வேண்டும். துளிரின் இலையிலும் தைலம் உண்டு. அந்த வேலையைத் தைலம் காய்ச்சுபவர்களிடம் கூலியோடு ஒப்படைக்கலாம்; இலையை அவர்களே எடுத்துக்கொள்ளட்டும். மரம் வெட்டும் ஒப்பந்ததாரர் மரத்தை ஏற்றிக்கொண்டு போய்விடுவார். இவர்கள் இலைக்காக மறுபடியும் வருவார்கள்.