இரவல் மெட்டும் சொந்தக் குரலும்

ஜாஸ் அசல், பாப் போலி என்று கோடு கிழித்துவிட்டு நிம்மதியடைவது இசை ரசிகர்களின் நெடுநாள் வழக்கம். வரலாற்றின் முன் அந்தக் கோடு நிற்பதில்லை. ஜாஸ் தன் மெட்டுகளைப் பெருமளவுக்குப் பிராட்வே நாடகங்களிலிருந்தும் அன்றைய சந்தைப் பாடல்களிலிருந்தும்தான் எடுத்துக்கொண்டது.

கோல்மன் ஹாக்கின்ஸ் 1939 அக்டோபரில் பதிவு செய்த 'பாடி அண்ட் சோல்' இசைத்தட்டையே எடுத்துக்கொள்வோம். ஜானி கிரீன் 1930இல் இசையமைத்த காதல் பாட்டு அது. பலர் பாடிப் பழகியது. ஹாக்கின்ஸ் தொடக்கத்தில் மட்டும் மெட்டைச் சற்றே தொட்டுக் காட்டுகிறார். பிறகு அது மறைந்துவிடுகிறது. அடியில் ஓடும் கார்டுகளின் வரிசையை மட்டும் வைத்துக்கொண்டு, மூன்று நிமிடங்களுக்குள் சாக்ஸஃபோனில் வேறொரு பாடலையே உருவாக்கிவிடுகிறார். மூலத்தை உரை விஞ்சிய கதைதான். வேடிக்கை என்னவென்றால், அந்தத் தட்டு நன்றாக விற்கவும் செய்தது. ஆக, இரவல் வாங்கியதும் குற்றமில்லை, காசு பார்த்ததும் குற்றமில்லை.

பின் எங்கேதான் வேறுபாடு? 1997இல் ஆட்டோ-டியூன் மென்பொருள் வந்தது. மறு ஆண்டே ஷெர் பாடிய 'பிலீவ்' அதை வெளிப்படையான அலங்காரமாக்கியது. அதில் எனக்குப் புகாரில்லை, ஒளிக்காமல் செய்தார்கள். என் மறுப்பெல்லாம் சத்தமின்றி நடக்கும் திருத்தத்தின் மீதுதான். பலமுறை பாடியதில் நல்ல துண்டுகளைப் பொறுக்கி ஒட்டி, சுருதி விலகலை நேராக்கி, தாளத்தைக் கணினிக் கட்டங்களுக்குள் அடைத்துத் தருகிறார்கள். பாடியவர் எங்கே தயங்கினார், எங்கே துணிந்தார் என்பது கேட்பவருக்குத் தெரியாமலே போய்விடுகிறது.

பில்லி ஹாலிடேயின் 'லேடி இன் சாட்டின்' (1958) கேட்டவர்களுக்கு இந்த இழப்பின் அளவு புரியும். அடுத்த ஆண்டு அவர் இறந்தார். பாடல்கள் பிறருடையவை, குரலோ வறண்டு, கரகரத்து, சில இடங்களில் சுருதியின் விளிம்பில் தடுமாறுகிறது. சொற்கள் தாளத்துக்குச் சற்றுப் பின்னால் வந்து விழுகின்றன. இன்றைய பதிவுக்கூடத்தில் இவையனைத்தும் பிழைகளாகக் குறிக்கப்பட்டு ஒரே பிற்பகலில் துடைக்கப்பட்டிருக்கும். துடைத்த பின் அதில் ஹாலிடே இருந்திருக்க மாட்டார்.

ஜாஸ் பக்தர்கள் இதற்காக மகிழ வேண்டியதில்லை. சார்லி பார்க்கரின் மனோதர்ம வாசிப்புகளைச் சுரப்படுத்தி அச்சிட்ட 'ஆம்னிபுக்' 1978 முதல் கிடைக்கிறது. பயிற்சிக்கு அருமையான நூல். ஆனால், அதை உருப்போட்டு, அந்த நொடியில் தோன்றியதுபோல் மேடையில் ஒப்பிப்பவர்களும் இருக்கிறார்கள். அத்தகைய கச்சேரிக்குப் போவதைவிட வீட்டிலிருந்து ஷெரைக் கேட்பதே எனக்கு உவப்பு.